மலை இறங்கும் டிரெய்லருக்கு யார் பிரேக் போடுவது?

வண்டிப் பட்டறை: கேள்வி – பதில்

சின்ன டிரெய்லர் இழுப்பது பற்றிப் போன இதழில் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. லாரிக்காரர்கள் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு ஏர் பிரேக் இருக்கிறது, அது வேறு உலகம். கேட்டவர்கள் எல்லாம் ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர் மாட்டியவர்கள். அதில் பாதிப்பேர் ஏற்காட்டுக்காரர்கள். சரி, இந்த முறை முழுக்க எலக்ட்ரிக் பிரேக்தான். ஹாரன், பேட்டரி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, ஏற்காட்டில் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. மூட்டைகளைச் சேலத்துக்கு இறக்க பிக்கப்புக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் மாட்டியிருக்கிறோம். லோடோடு 1,400 கிலோ. அச்சும் டிரம்மும் வெளிநாட்டுச் சரக்கு, எலக்ட்ரிக் பிரேக் வைத்தது. கன்ட்ரோலர் மட்டும் இல்லை. டைமர் வகை மலிவு, ப்ரொபோர்ஷனல் வகை விலை ஜாஸ்தி என்கிறார்கள். எதை வாங்குவது? – தோட்டக்காரர், ஏற்காடு

விலை இருக்கட்டும். டிரம்முக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கார் பிரேக்கில் நம் கால் அழுத்தம் எண்ணெய் வழியாகப் போய், சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற உருளைக்குள் உரசி நிறுத்தும் ஷூவைத் தள்ளுகிறது. எலக்ட்ரிக் பிரேக்கில் எண்ணெய் கிடையாது. உள்ளே ஒரு நெம்புகோலின் நுனியில் மின்காந்தம் இருக்கும். கரண்ட் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டிக்கொள்ளும். டிரம் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். அந்த இழுப்பில் நெம்புகோல் திரும்பி ஷூவை விரிக்கும். சக்கரத்தை நிறுத்துகிற பலம் சக்கரத்தின் சுழற்சியிலிருந்தே வருகிறது; கரண்ட் வெறும் ஏவலாள். 10 அங்குல டிரம் என்றால் ஒரு காந்தம் 3 ஆம்பியர் சொச்சம் எடுக்கும். ஒரு ஹெட்லைட் பல்ப் இதைவிட அதிகம் தின்னும். எப்போது, எவ்வளவு கரண்ட் என்று தீர்மானிப்பதுதான் கன்ட்ரோலரின் வேலை.

டைமர் வகை இதை எப்படிச் செய்கிறது? பெடலை மிதித்ததும் ஸ்டாப் லைட்டுக்குக் கரண்ட் போகிறதல்லவா, அதைப் பார்த்து விழித்துக்கொள்ளும். பிறகு நீங்கள் குறித்து வைத்த உச்சம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை ஏற்றும். நீங்கள் மெல்லத் தொட்டீர்களா, மாடு குறுக்கே வந்து ஓங்கி மிதித்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே மரியாதை.

ப்ரொபோர்ஷனல் வகைக்குள் ஒரு சென்சார் இருக்கிறது. அது என்ன செய்கிறது என்பதை உங்கள் வண்டிக் கண்ணாடியில் தொங்கும் பொம்மையைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். மெல்ல பிரேக் போட்டால் பொம்மை கொஞ்சம் முன்னால் வரும். ஓங்கிப் போட்டால் போய்க் கண்ணாடியில் இடிக்கும். சென்சார் பார்ப்பது அந்தச் சாய்வைத்தான். எவ்வளவு சாய்வோ அவ்வளவு கரண்ட். இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். மலை இறங்கும்போது வேகத்தை ஏற விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால், ஓங்கி மிதிக்காமலேயே பொம்மை முன்பக்கம் சாய்ந்துதான் தொங்கும். கன்ட்ரோலரும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். வேகம் குறையாவிட்டாலும், இறக்கத்தில் வண்டியை எவ்வளவு பிடித்து வைக்கிறீர்களோ அதற்கேற்பக் கரண்ட் கொடுக்கும். இறக்கத்தில் நமக்கு வேண்டியதும் அதுதானே.

இப்போது உங்கள் பாதையைப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். 1,400 கிலோவை அத்தனை உயரத்திலிருந்து இறக்கினால் வெளிவரும் சக்தியைக் கணக்குப் போட்டேன். ஏறக்குறைய 55 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கேன் தண்ணீரில் சொன்னால் மூன்று கேனுக்குக் கொஞ்சம் குறைவு. இது டிரெய்லரின் பங்கு மட்டும், பிக்கப்பின் பங்கு தனி. கொஞ்சத்தைக் காற்றும் டயரும் தின்னும், கியரில் இறங்கினால் என்ஜின் பெரும்பகுதியைத் தாங்கும். மிச்சம் எல்லாம் பிரேக் டிரம்மில்தான் சூடாக இறங்க வேண்டும். டிரெய்லர் தன் பங்கைத் தானே தாங்காவிட்டால் அதையும் பிக்கப்பின் பிரேக் சுமக்கும். அடிவாரம் வருவதற்குள் ஷூவின் மேல் ஒட்டிய லைனர் கருகும் வாசனை எப்படி இருக்கும் என்று தோட்டக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டைமர் வகையில் இந்த மலையை இறங்கினால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பேரம். கரண்ட் ஏறுவதை மெதுவாக வைத்தால் டிரெய்லர் பிரேக் பிடிப்பதற்குள் நீங்கள் வளைவில் பாதி போயிருப்பீர்கள். வேகமாக வைத்தால் தொட்டதற்கெல்லாம் வெடுக்கென்று பின்னுக்கு இழுக்கும். சமவெளியில், ஒரே லோடோடு ஓட்டுபவருக்கு டைமர் போதும். உங்களுக்குப் போதாது. ப்ரொபோர்ஷனலே வாங்குங்கள்.

நான் கையால் மாட்டியவை இரண்டு. அமெரிக்காவின் டெகோன்ஷா ப்ராடிஜி பி3 டேஷ்போர்டுக்குக் கீழே பெட்டியாகத் தொங்கும். திரை இருக்கிறது, டிரெய்லர் இணைப்பு விட்டுப்போனால் சொல்லிவிடும். ஆனால் ஜீப்பில் உயரமான டிரைவருக்கு முட்டி இடிக்கும். ஆஸ்திரேலியாவின் ரெட்ஆர்க் டோ-ப்ரோ எலீட்டில் பெட்டி உள்ளே ஒளிந்துகொள்ளும், டேஷ்போர்டில் ஒரு திருகு மட்டும் தெரியும். அதில் சாய்வைப் பார்க்காமல் நீங்கள் வைத்த அளவையே கொடுக்கும் இரண்டாவது முறையும் உண்டு; தோட்டத்துக்குள் கல்லும் மேடுமாகப் போகும்போது உதவும். எதை வாங்கினாலும் சரி, பெடலைத் தொடாமல் டிரெய்லருக்கு மட்டும் பிரேக் போடும் கை லீவரோ பட்டனோ இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாததை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேட்காமலேயே இன்னும் ஒன்று. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். பதிவு, இன்ஷூரன்ஸ் காகிதங்களைக் கையில் வையுங்கள். உங்கள் பிக்கப் எவ்வளவு இழுக்கலாம் என்று கையேட்டில் போட்டிருக்கிறதா பாருங்கள். போடாவிட்டால் தயாரித்த கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரேக் இருப்பதால் வண்டியின் சக்தி கூடிவிடாது.

கன்ட்ரோலர் மாட்டியாகிவிட்டது. எந்த எண்ணில் வைக்க வேண்டும்? நண்பர் 6 வைத்திருக்கிறாராம், எனக்கும் அதையே வைக்கச் சொல்கிறார். – வாசகர், ஓமலூர்

நண்பரின் மூக்குக் கண்ணாடியையும் வாங்கிப் போட்டுக்கொள்வீர்களா? கன்ட்ரோலர் எவ்வளவு கரண்ட் வரை கொடுக்கலாம் என்று குறிக்கும் அந்த எண், அவருடைய டிரெய்லர், அவருடைய லோடு, அவருடைய ஒயர், அவருடைய லைனர் எல்லாம் சேர்ந்து சொன்னது. உங்களுடையதை உங்கள் வண்டிதான் சொல்லும்.

முதலில் டிரெய்லரை வழக்கமாக ஏற்றும் லோடோடு எடை மேடைக்குக் கொண்டு போங்கள். கண் மதிப்பு வேண்டாம். மூட்டையை எண்ணி எடை சொல்பவர்கள் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்கள். லோடோடு சேர்ந்த மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் காய்ந்த, சமமான, ஆளில்லாத ரோடு வேண்டும். சேலத்தைச் சுற்றி அதற்குப் பஞ்சமில்லை. தார் போட்டு, கல் நட்டு, வீடே வராத மனைப்பிரிவுகள் எத்தனை இருக்கின்றன! வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். லைனர் புதிது என்றால் உடனே எண் பார்க்க உட்காராதீர்கள். மிதமான வேகத்தில் போய், பாதி வேகத்துக்கு இறக்கி, கொஞ்ச தூரம் ஆற விட்டு, மறுபடியும் என்று இருபது முப்பது தடவை பிரேக் போட்டு லைனரை டிரம்மோடு படிய விடுங்கள். படியாத லைனரில் எடுத்த எண் இரண்டு வாரத்தில் பொய்யாகிவிடும்.

இப்போது 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், பெடலைத் தொடாமல், கை லீவரை முழுதாக இழுங்கள். டிரெய்லர் டயர் நின்றுபோய்க் கீச்சென்று தேய்ந்தால் அளவு அதிகம், குறையுங்கள். தள்ளுவண்டியைப் பிடித்து நிறுத்துவதுபோல் சோம்பலாக இருந்தால் கூட்டுங்கள். பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்னால், நன்றாகப் பின்னுக்கு இழுக்கிற இடம் ஒன்று கிடைக்கும். அதுதான் உங்கள் எண். வெளியே ஒரு ஆளை நிறுத்தி டயரைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு டயர் பூட்டுவது எப்போதும் தெரியாது. பிறகு பெடலால் சாதாரணமாக நிறுத்திப் பாருங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளவும் கூடாது, பிடித்து இழுக்கவும் கூடாது. ஒற்றை வண்டியாக நிற்க வேண்டும்.

சில கன்ட்ரோலரில் பூஸ்ட் என்று ஒன்று இருக்கும். பெடலைத் தொட்ட முதல் கணத்திலேயே கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும். டிரெய்லர் இழுக்கும் வண்டியைவிட இலேசாக இருந்தால் கீழ்ப்படி போதும், கனம் கூடக்கூடப் படியையும் கூட்டலாம். எண்ணைச் சரியாக வைத்த பிறகுதான் பூஸ்டைத் தொட வேண்டும். தலைகீழாகச் செய்து குழம்பி என்னிடம் வந்தவர்கள் உண்டு.

இந்த எண் கல்வெட்டு அல்ல. லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி டிரெய்லர் குதித்துக் குதித்து டயரைத் தேய்க்கும். மழை ரோட்டிலும் குறைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர் டேஷ்போர்டில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவில் மூன்று எண் எழுதி வைத்திருக்கிறார்: லோடு, காலி, மழை. கையேட்டில் இல்லாத நல்ல யோசனை.

எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கன்ட்ரோலரைப் பார்த்துவிட்டு, "நாலே ஒயர்தான், அரை மணி நேர வேலை" என்கிறார். நம்பலாமா? – வாசகர், சங்ககிரி

நாலே ஒயர்தான், உண்மை. அந்த நாலில்தான் எல்லா வம்பும்.

நம் பட்டறைகளில் சிவப்பு என்றால் பேட்டரி பாசிட்டிவ், கறுப்பு என்றால் எர்த். கை அப்படியே பழகிப்போச்சு. அமெரிக்க வழக்கப்படி வரும் கன்ட்ரோலரில் கறுப்புதான் பேட்டரி பாசிட்டிவ். வெள்ளை எர்த். சிவப்பு ஸ்டாப் சுவிட்சுக்குப் போக வேண்டியது, அதுவும் பெடலை மிதித்தால் மட்டும் கரண்ட் வருகிற பக்கத்துக்கு. நீலம் டிரெய்லர் காந்தத்துக்கு. கறுப்பை எர்த்திலும் வெள்ளையைப் பாசிட்டிவிலும் பழக்கதோஷத்தில் கொடுத்தால் கன்ட்ரோலர் போய்விடும். புகை வந்த பிறகு வாரண்டி பேச முடியாது. உங்கள் எலக்ட்ரீஷியன் முதலில் காகிதத்தைப் படிக்கிறாரா, முதலில் ஒயரைச் சீவுகிறாரா என்று பாருங்கள். முதலாமவர் என்றால் நம்பலாம்.

நீலத்தைப் பற்றி நான் சொல்ல ஒரு கதை இருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது.

பல வருடம் முன்பு ஏற்காட்டுக்கு ஒரு ஜீப். டிரெய்லரில் ஐரோப்பிய முறையில் ஏழு முனை வட்டப் பிளக். நானும் நீலத்தை நீலத்தோடு சேர்த்தேன், சோதித்தேன், பிரேக் பிடித்தது, அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து டிரைவர் போன் செய்தார். "அண்ணே, பனிமூட்டம் வந்தா வண்டி ஏற மாட்டேங்குதுங்க. மூட்டம் விலகினா நல்லா ஏறுதுங்க." நான் சிரித்துவிட்டு டீசல் ஃபில்டரைக் கழற்றி ஊதச் சொன்னேன். மறுநாள் மறுபடியும் போன், பதின்மூன்றாவது வளைவில் நின்றுகொண்டு. ஏர் ஃபில்டரை மாற்றச் சொன்னேன். அதற்கும் கேட்கவில்லை. கடைசியில் நானே கூட ஏறி உட்கார்ந்து போனேன். மூட்டம் வந்தது. டிரைவர் ஃபாக் லேம்ப் சுவிட்சைப் போட்டார். ஜீப் செக்கில் கட்டிய மாடு மாதிரி நின்றது.

அந்த வட்டப் பிளக்கில் இரண்டாம் முனை, நீல ஒயர், பின்பக்க ஃபாக் லேம்ப்புக்கு உரியது. ஜீப்பில் ஏற்கெனவே யாரோ அதை ஒழுங்காக ஃபாக் சுவிட்சோடு இணைத்து வைத்திருந்தார்கள். அதே முனையில் நான் பிரேக்கைக் கொண்டுபோய்ச் செருகியிருக்கிறேன். விளக்கைப் போட்டால் காந்தத்துக்கு முழுக் கரண்ட். ஏறும்போது ஆனதால் பிழைத்தோம். ஈர ரோட்டில் இறங்கும்போது ஆகியிருந்தால் டிரெய்லர் வளைவில் ஜீப்பை முந்தப் பார்த்திருக்கும். அதே உருவத்தில் இருக்கும் ஆஸ்திரேலிய ஏழு முனைப் பிளக்கில் பிரேக்குக்கு ஐந்தாம் முனை. ஐரோப்பிய முறையில் அந்த ஐந்தாம் முனை வலது பக்கப் பின்விளக்கு. ஆகவே நிறத்தையும் நம்பாதீர்கள், பிளக்கின் உருவத்தையும் நம்பாதீர்கள். ஒவ்வொரு முனையிலும் டெஸ்ட் லேம்ப் வைத்து, உள்ளே ஒருவர் ஒவ்வொரு சுவிட்சாகப் போட, என்னென்ன எரிகிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஃபாக் லேம்ப்பையும் சேர்த்து.

ஒயர் கனத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரியிலிருந்து டிரெய்லர் அச்சு வரை 9 மீட்டர், போக வர 18. இரண்டு காந்தத்துக்கும் சேர்த்து ஆறரை ஆம்பியர் என்று வையுங்கள். விளக்குக்கு இழுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஏறக்குறைய 1.4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டரில் அரை வோல்ட்தான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர் ஒன்று போடுங்கள். எர்த்தை கொக்கி வழியாக வரட்டும் என்று விடாதீர்கள். கொக்கி உருண்டையில் கிரீஸும் துருவும் இருக்கும், குலுக்கலில் தொட்டும் தொடாமலும் இருக்கும். பிளக் வழியாகத் தனி வெள்ளை ஒயர், டிரெய்லர் சட்டத்தில் பெயின்ட்டைச் சுரண்டிப் போல்ட் போட்ட இடம், அவ்வளவுதான் எர்த்.

அரை மணி நேரம் போதாது. அரை நாள் கேட்பவரிடம் கொடுங்கள்.

டிரெய்லரில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிரேக் பிடிக்கிறது. மீட்டர் வைத்தால் வோல்ட் ஏறி இறங்கி ஏதேதோ காட்டுகிறது. – மெக்கானிக், கொண்டலாம்பட்டி

மீட்டர் மேல் தப்பில்லை. கன்ட்ரோலர் கரண்டை ஒரே ஓட்டமாக விடுவதில்லை. விநாடிக்குப் பலமுறை போட்டுப் போட்டு அணைக்கும். போட்டிருக்கும் நேரம் கூடினால் பிரேக் கூடும். சாதாரண மீட்டர் அதைப் பார்த்து முழிக்கும். கை லீவரை முழுதாக இழுத்து வைத்துக்கொண்டு, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு சக்கரத்து ஒயரிலும் மாட்டிப் பாருங்கள். 10 அங்குல டிரம்முக்கு 3 ஆம்பியர் சொச்சம் வர வேண்டும். பூஜ்யம் என்றால் ஒயரோ இணைப்போ அறுந்திருக்கிறது. ரொம்ப அதிகம் என்றால் காந்தத்தின் சுருள் உள்ளேயே ஷார்ட். கழற்றிய காந்தத்தை ஓமில் அளந்தால் 3 ஓமை ஒட்டி இருக்கும்.

கிளாம்ப் மீட்டர் இல்லையா? செல்போனில் திசைகாட்டி இருக்கும். டிரம்முக்குப் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஒருவரை லீவரை இழுக்கச் சொல்லுங்கள். காந்தம் உயிரோடு இருந்தால் முள் துள்ளும்.

கரண்ட் இரண்டு பக்கமும் சரி, பிடிப்பு மட்டும் இல்லை என்றால் அது எலக்ட்ரிக் வேலை அல்ல. பின்தட்டில் இருக்கும் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, டயர் கையால் சுற்றக் கஷ்டப்படும் வரை இறுக்குங்கள். பிறகு இலேசாக உரசிக்கொண்டு சுற்றும் வரை தளர்த்துங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் டிரம்மைக் கழற்றுங்கள். சீல் கசிந்து லைனரில் கிரீஸ் ஊறியிருக்கும். பெட்ரோலில் கழுவி மறுபடியும் போடலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். கூடாது. ஷூவை மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து.

எங்கள் வீட்டுக்காரர் 600 கிலோவில் ஒரு கூடார டிரெய்லர் வாங்கி ஏற்காட்டுக்கு இழுத்துப் போகப் போகிறார். அதற்கும் இந்த பிரேக் தேவையா? வேண்டாத செலவு என்பது என் கட்சி. – வாசகி, கோரிமேடு

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோ வரை டிரெய்லருக்குத் தனி பிரேக் கேட்பதில்லை. இழுக்கிற வண்டி கனமாக, நல்ல பிரேக்கோடு இருந்தால் உங்கள் கட்சிதான் ஜெயிக்கும். சின்ன காரில் இழுக்கப் போகிறார் என்றால் நான் அவர் பக்கம். எப்படியும் 600 என்பது விற்றவர் சொன்ன காலி எடையா, பாத்திரம் பண்டம், தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றிய எடையா என்று கேளுங்கள், அம்மா. அங்கேதான் சண்டையே இருக்கிறது.

கரண்டே வேண்டாம், கொக்கி அமுங்கினால் தானாகப் பிடிக்கும் பிரேக் இருக்கிறதாமே? அதை விட்டுவிட்டு ஏன் இந்தக் கஷ்டம்? – வாசகர், ஆத்தூர்

இருக்கிறது. ஓவர்ரன் பிரேக் என்பார்கள், ஐரோப்பாவில் சின்ன டிரெய்லர்களுக்கு அதுதான் பொது வழக்கம். வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் வந்து தள்ளும். அந்தத் தள்ளலே கம்பி வழியாகப் போய் ஷூவை விரிக்கும். எளிமையான, நாணயமான யந்திரம். ஆத்தூர் பக்கம் சமவெளியில் ஓட்டுகிற உங்களுக்கு அதையே சொல்வேன்.

மலையில்தான் அதற்குச் சிக்கல். நீங்கள் இரண்டாவது கியரில் என்ஜினைக் கொண்டு தாங்கி இறங்கும்போதும் டிரெய்லர் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். அதனால் நீங்கள் பெடலைத் தொடாவிட்டாலும் டிரெய்லர் பிரேக் உரசிக்கொண்டே வரும். ஆறுவதற்கு அவகாசமே கிடைக்காது. எலக்ட்ரிக்கில் நீங்கள் காலை எடுத்தால் அதுவும் விட்டுவிடும். ஒரு முறை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறை, விட்டுவிடு, ஆறட்டும், அடுத்த வளைவுக்கு முன்னால் மறுபடியும் பிடி என்று இறங்கலாம். டிரம் சூடேறினால் விரிந்து ஷூவைவிட்டு விலகும், காந்தச் சுருளின் தடையும் கூடிக் கரண்ட் குறையும். சூடான எலக்ட்ரிக் பிரேக் இரண்டு வழியில் சோர்ந்துபோகும் என்பதால் அந்த ஆறும் இடைவெளிக்குத்தான் மதிப்பு.

தொப்பூர் இறக்கத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பித்தது. ஓங்கி பிரேக் போட்டேன், இன்னும் ஆடியது. என்ன செய்திருக்க வேண்டும்? – வாசகர், மேட்டூர்

உயிரோடு கடிதம் எழுதுகிறீர்களே, அதற்குச் சந்தோஷம். ஆடும்போது வண்டியின் பிரேக்கை ஓங்கிப் போட்டால் முன்னால் இருப்பது நிற்கிறது, பின்னால் இருப்பது தள்ளுகிறது. ஆட்டம் கூடத்தான் செய்யும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு எதிர்த்துத் திருப்பாதீர்கள், கன்ட்ரோலரின் கை லீவரை மட்டும் மெல்ல இழுங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து பிடித்து இழுக்க, கயிறு விறைத்த மாதிரி நேராகும். லீவர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை போகும் இடத்தில் அதை மாட்டச் சொல்வது இதற்குத்தான். டிரெய்லரில் கனத்தைப் பின்கோடியில் ஏற்றியிருந்தீர்களா? பெரும்பாலும் அங்கேதான் வினை. அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் ஏற்றுங்கள்.

ஏறும்போது பிரேக் எதற்கு? கன்ட்ரோலரை அணைத்து வைக்கலாமா? – வாசகர், ஏற்காடு

அணைத்தால் இறங்கும்போது போட மறப்பீர்கள்.

டிரெய்லர் கழன்றால் வண்டியில் மாட்டிய கம்பி ஒரு ஊசியை (பின்) உருவ, தானாக பிரேக் பிடிக்கும் பின் சுவிட்ச் இருக்கிறதே, ஏற்றத்தில் நிறுத்தும்போது என் மகன் அதை உருவி ஹேண்ட் பிரேக்காகப் பயன்படுத்துகிறான். சரியா? – வாசகர், செவ்வாய்ப்பேட்டை

சரியே இல்லை. அந்தப் பின்னை உருவினால் டிரெய்லரில் இருக்கும் சின்ன பேட்டரி முழுக் கரண்டையும் காந்தத்தில் கொட்டும். ஆஸ்திரேலியாவில் 2,000 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு இது கட்டாயம். கழன்ற டிரெய்லரைப் 15 நிமிடமாவது பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பது கணக்கு. தம்பி சாப்பிட்டு வரும்வரை பிடிக்க அது படைக்கப்படவில்லை. பேட்டரி இறங்கும், காந்தம் சூடாகும், நிஜமாகக் கழலும் நாளில் ஒன்றும் இருக்காது. சக்கரத்துக்குக் கட்டை போடச் சொல்லுங்கள். சோதிப்பதற்காக உருவுவதானால் முதலில் டிரெய்லர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் திரும்பிப் போய்க் கன்ட்ரோலரைக் கெடுக்கலாம்.

போன இதழில் அந்தப் பின் சுவிட்சின் கம்பியைக் கொக்கி உருண்டையின் கழுத்தில் சுற்றிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். உருண்டையே கழன்று போனால்? – வாசகர், அஸ்தம்பட்டி

உருண்டையும் கம்பியும் டிரெய்லரோடு சேர்ந்து போகும், ஊசி உருவப்படாமல் அப்படியே இருக்கும், பிரேக் பிடிக்காது. எழுதியது தப்பு. கம்பியை வண்டியின் சட்டத்தில், உருண்டைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வளையத்தில் மாட்டுங்கள். வளைவில் திரும்பும்போது இழுபடாத அளவு நீளம் விடுங்கள், ரோட்டில் உரசவும் கூடாது. போன இதழைப் பார்த்து உருண்டையில் சுற்றியவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள். என் பட்டறையில் அப்படி மாட்டி அனுப்பிய இரண்டு வண்டிக்காரர்களுக்கும் போன் செய்துவிட்டேன். ஒருவர் வந்து மாற்றிக்கொண்டு போனார், இன்னொருவர் இன்னும் போனை எடுக்கவில்லை.